நேருவின் உலக வரலாறும் நம் தோட்டப் பிள்ளைகளும்

அரசர் பெயரும் ஆட்சியாண்டும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. ஆசிரியப் பயிற்சிக் காலந்தொட்டு இக்கருத்தை எனக்கு உறுதிப்படுத்தி வரும் நூல், பண்டித நேரு தம் மகள் இந்திராவுக்கு 1930 முதல் 1933 வரை, பெரும்பாலும் சிறையிலிருந்து, எழுதிய மடல்களின் தொகுப்பாகும். 1934-இல் வெளிவந்த அந்நூலை ஓ. வி. அளகேசன் ‘உலக சரித்திரம்’ எனத் தமிழாக்கினார்.

ஒரே காலத்தைப் பல நாடுகளில் வைத்துக் காட்டுவது இந்நூலின் தலையாய சிறப்பு. கி.மு. ஆறாம் நூற்றாண்டைக் கூறப் புகுந்தால், இந்தியாவில் புத்தரும் மகாவீரரும், சீனத்தில் கன்பூசியசும், கிரேக்கருள் பித்தாகரசும் ஒருங்கே நம் கண்முன் தோன்றுவர். நாடுதோறும் தனித்தனியே படிப்போர்க்கு இத்தெளிவு கிட்டாது.

எனினும், நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் திறனாய்வு ஆகாது. தென்கிழக்காசியாவைப் பற்றி எழுதுங்கால், அந்நாளைய இந்திய அறிஞர் பலரைப் போலவே நேருவும் இந்தியக் குடியேற்றம் என்னும் கண்ணாடி வழியே காண்கிறார். நூலகமின்றிச் சிறையில் எழுதியவர் என்பதை நாம் மறத்தலாகாது. ஆயினும், நம்மவர் கொடுத்தனர், இந்நாட்டவர் வாங்கினர் என்னும் எண்ணமே படிப்போர் உள்ளத்தில் பதிகின்றது.

சான்று கூறுவது வேறு. சுமத்திராவில் பாலெம்பாங்கு அருகே 1920-இல் கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டு, கி.பி. 683-ஆம் ஆண்டினது, சிரீவிசயப் பேரரசைச் சார்ந்தது. அதன் எழுத்து பல்லவ எழுத்து. மொழியோ, வடசொல் விரவிய பழைய மலாய். எழுத்தை ஏற்றவர் தம் மொழியை விட்டாரல்லர், வேண்டியதைத் தேர்ந்துகொண்டனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் குறையன்று. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முடிந்ததும் இடைநிலைப் பள்ளியில் மலாய், சீனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ‘எல்லாம் எங்களவர் தந்தது’ என்னும் செருக்கோடு சென்றால் நட்பு வளராது. ‘எங்களுக்கு வரலாறே இல்லை’ என்னும் தாழ்வோடு சென்றால் படிப்பு வளராது.

ஆகவே, ஆசிரியர்காள், இந்நூலைக் கையில் கொண்டு மாணவரைப் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்ததும், 1641-இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றியதும், 1784-இல் அதே டச்சுக்காரர் இக்குன்றின் கோட்டையைக் கொண்டதும், மறு ஆண்டே சுல்தான் இப்ராகிம் அதனை மீட்டதும் தொடர்ந்துவரும் ஒரே கதை என்று காட்டுங்கள். அங்குள்ள பீரங்கியைத் தொட்டுப் பார்த்த பிள்ளைக்கு உலக வரலாறு பிறநாட்டார் கதையாகத் தோன்றாது.