அரைக் கட்டை இறக்கிய சுருதி

ஜொகூர் பாருவில் பரோக் இசைக்குக் காது கொடுப்பவர்கள் பெரும்பாலும் கடற்பாலம் தாண்டித்தான் போகிறார்கள். சிங்கப்பூரில் 2018இல் ஆலன் சூ தொடங்கிய ‘ரெட் டாட் பரோக்’ குழு, பரோக் கால வாத்தியங்களைக் கொண்டே அக்கால இசையை வாசிக்கிறது. வடக்கே, டேவிட் சின் 2015இல் தொடங்கிய மலேசிய பாக் இசைவிழா இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஜொகூர்த் தமிழ் ரசிகருக்கு, சிம்பொனியைவிட இந்தச் சிறிய அவையிசைதான் எளிதில் பிடிபடும் என்பது என் கணிப்பு.

முதல் காரணம் அளவு. ‘டிரியோ சொனாட்டா’ பெயரில் மூவர், மேடையில் வழக்கமாக நால்வர்: இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு ஹார்ப்சிகார்ட். கோல் அசைத்து நடத்துபவர் கிடையாது. நம் கச்சேரி போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே நகர்த்துகிறார்கள். செல்லோ வாசிக்கும் அடிவரிசைதான் ஹார்ப்சிகார்ட் கலைஞரின் தாளிலும் இருக்கும், கூடவே சில எண்கள். அவற்றை வைத்து வலது கை எந்தச் சுரங்களை எப்படிச் சேர்ப்பது என்பதை அவரே அந்த நேரத்தில் முடிவு செய்கிறார். இதை மனோதர்மம் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் நம் தம்புரா ஆதார ஷட்ஜத்தை விட்டு அசையாது. இவர்களின் அடிக்குரலோ நடந்துகொண்டே இருக்கும். ராகம் தேடிப் போகிறவர் தடுமாறும் இடம் இதுதான்.

சுருதியும் நமக்குப் புதிதல்ல. இன்று இக்குழுக்கள் பெரும்பாலும் 440க்குப் பதில் 415 அதிர்வில் சேர்த்துக்கொள்கின்றன, நம் கணக்கில் அரைக் கட்டை இறக்கம். தந்திகள் ஆட்டுக் குடல் நரம்பு. ஜொகூரின் ஈரக்காற்றில் அவை லேசில் நிலைகொள்ளா. உருப்படிக்கு உருப்படி சுருதி சேர்ப்பதைப் பார்த்து, மிருதங்கக் கல்லோசைக்குப் பழகியவர்கள் பொறுமையிழக்க மாட்டார்கள்.

இந்த இசையோடு நம் உறவும் பழையது. பரோக் இசையமைப்பாளர் ஹாண்டல் 1685இல் பிறந்த ஹாலே நகரில் படித்த லுத்தரன் மதபோதகர் சீகன்பால்க் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். ஜெர்மன் கீர்த்தனை மெட்டுகளில் தமிழ்ப் பாடல்கள் பிறந்தன. பாக் தம் படைப்புகளில் எடுத்தாண்ட மெட்டுகளும் இவ்வகையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா வந்த தமிழ் லுத்தரன்களோடு அந்த வழிபாட்டு இசையும் கடல் தாண்டியது. வழிபாட்டுக்கு வெளியே, பாலுசாமி தீட்சிதர் கர்நாடக மேடைக்கு வயலினைக் கொண்டுவந்தார். அவர் தமையன் முத்துசுவாமி தீட்சிதர் ‘சந்ததம் பாஹிமாம்’ நோட்டுஸ்வரத்துக்கு எடுத்த மெட்டு, லண்டன் நாடக மேடையில் 1745இல் ஒலித்த அரச வாழ்த்துப் பாடலுடையது. ஹாண்டல் அப்போது அதே ஊரில் இருந்தார்.

இதை வைத்து ‘எல்லாம் நம்மிடமிருந்து போனது’ என்றோ ‘அங்கிருந்து வந்தது’ என்றோ பேசுவது வீண். வயலினும் மெட்டும்தான் வந்தன, கமகம் நம்முடையது. இரண்டையும் கலந்து ஒப்பேற்றும் ‘ஃபியூஷன்’ மாலைகளில் பெரும்பாலும் இரண்டுமே கெடுகின்றன. நம் சங்கீத சபைகள் ஆண்டுக்கொரு மாலை இத்தகைய குழு ஒன்றை அழைக்கலாம். ஒலிபெருக்கியைத் தவிர்த்து, கொரெல்லியையும் பாக்கையும் அவர்கள் வழியிலேயே வாசிக்க விடட்டும்.