சங்கீதத்தில் அறுத்தெறிந்த வரிகள்

சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுகையும் முறையீடும் ஏச்சும்தான். ஆனால் நம்ம சபைகளில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக ஏற்றுவது 23, 91, 121. மேய்ப்பன், நிழல், மலை. மிச்சம் இருக்கிற இருட்டை யாரும் தொடுவதில்லை.

"மனசுல உள்ளதையெல்லாம் ஆண்டவர்கிட்ட கொட்டிரு, லேசாயிரும்" என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். கொட்டலாம். யார் மேல உள்ள கோபம்ங்கறத மட்டும் சொல்லிரக் கூடாது. அங்கேதான் இந்தப் பிரதிக்கும் பிரசங்கத்துக்கும் தகராறு.

10ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். பொல்லாதவன் கிராமத்தில் பதுங்கியிருக்கிறான். குற்றமற்றவனைக் கொல்கிறான். ஏழையை வலையில் இழுக்கிறான். கடவுள் மறந்துட்டார், இதையெல்லாம் பார்க்கமாட்டார் என்று தனக்குள் தைரியம் சொல்லிக்கொள்கிறான். கிராமம் என்றே போட்டிருக்கிறது. சேரியில் பிறந்த எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. ஆனால் பிரசங்கியார் அவனைச் சாத்தான் ஆக்கிவிடுகிறார். இல்லையென்றால் நம்ம பாவமே சத்துரு என்கிறார். பண்ணையார் தப்பித்துக்கொள்கிறார். 44ஆம் சங்கீதமோ ஒரு சனக்கூட்டத்தின் குரல்: எங்களைச் சும்மா விற்றுவிட்டாய், ஏன் தூங்குகிறாய், எழுந்திரு. நாங்கள் உடன்படிக்கையை மீறவில்லை என்றும் அடித்துச் சொல்கிறது. கஷ்டம் வந்தாலே 'நீ என்ன பாவம் செஞ்சே' என்று கேட்கிறவர்களுக்கு வேதத்துக்குள்ளேயே கிடக்கிற பதில் இது.

கத்தோலிக்கத் திருச்சபை 1971இல் கொண்டுவந்த புதிய கட்டளைச்செபப் புத்தகத்தில் 58, 83, 109 மூன்றையும் முழுசாகவே எடுத்துவிட்டது. வேறு பல பாட்டுகளில் சாப வரிகளை மட்டும் நறுக்கியது. செபிக்கிறவர் மனசுக்குச் சங்கடமாம். சரி, யார் மனசுக்கு?

சிக்கலான இடம் 137தான். பாபிலோன்காரன் எருசலேமை எரித்து, சனங்களை வாரிக்கொண்டு போய், எங்களுக்கு ஒரு பாட்டுப் பாடுங்கள் என்று கேட்கிறான். பறையை அடிச்சுக் காட்டு என்று கேட்கிற அதே குரல். அந்தப் பாட்டின் கடைசி வரி பாபிலோனின் பச்சைக் குழந்தைகளைக் கல்லில் மோதச் சொல்கிறது. அதற்கு என்னால் ஆமென் சொல்ல முடியாது. பாபிலோன் குழந்தை என்ன பண்ணுச்சு? ஆனால் அதற்கு முந்தின வரி, நீ எங்களுக்குச் செய்ததையே உனக்குத் திருப்பிச் செய்கிறவன் பாக்கியவான் என்கிறது. அப்படியானால் இவர்கள் குழந்தைகளுக்கு என்ன நடந்தது? அந்த வரியை அறுத்தால் சாபம் மட்டுமா போகிறது, சாட்சியும் சேர்ந்து போகிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறந்த நாளில், குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்தத் தாய்மார் சபித்திருந்தால் அதைத் திருத்தி அச்சுப்போட யாருக்கு உரிமை இருக்கிறது?

இந்தக் குரல் நமக்குப் புதுசு இல்லை. எங்க ஊர்க் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றி ஏசுவார்கள். ஒப்பாரியில் செத்தவனையும் திட்டுவார்கள், சாமியையும் விடமாட்டார்கள். சபைக்கு வந்ததும் ஒப்பாரி அஞ்ஞானம் என்று நிறுத்தினார்கள், ஞானப்பாட்டு கொடுத்தார்கள். (கையறுநிலை என்று துறை சொல்லி எங்களுக்குப் பாடம் எடுத்த தமிழ்த்துறையிலும் இந்தக் கிழவிகளுக்கு இடம் இருந்ததில்லை.) ஒப்பாரியைப் பிடுங்கிய அதே கை நீட்டின புத்தகத்துக்குள் ஒப்பாரி இருந்தது. அதை மட்டும் வாசித்துக் காட்டவில்லை.

88ஆம் சங்கீதம் அப்படி ஒன்று. மற்ற முறையீடுகள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது. சிநேகிதரையும் என்னைவிட்டுத் தூரமாக்கிவிட்டாய் என்று கடவுளையே குற்றம் சாட்டுகிறது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல் இருள். எங்க சபையில் அடக்க ஆராதனைக்கு அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.