இரண்டு மரக்காணம் செய்திகளும் ஒரு மஞ்சள் ஜெர்சியும்

சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடிய இரண்டு ஆட்டங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவது 2013 ஏப்ரல் 25. எதிரே சன்ரைசர்ஸ் ஐதராபாத். 160 ரன் இலக்கு, தோனி அவுட் ஆகாமல் 67, கடைசி ஓவரில் வெற்றி. இரண்டாவது 2023 மே 14. எதிரே கொல்கத்தா. 144 ரன் எடுத்துத் தோற்றோம். ஆனா அந்தத் தோல்வி யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆட்டம் முடிஞ்சதும் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தோனி மைதானத்தைச் சுற்றி வந்ததும், கவாஸ்கர் ஓடிவந்து தன் சட்டையில் கையெழுத்து வாங்கினதும்தான் ஞாபகம்.

எங்க பக்கத்தில் இந்த இரண்டு தேதிகளுக்கும் வேறு ஞாபகமும் உண்டு. 2013 ஏப்ரல் 25 சித்திரைப் பௌர்ணமி. மாமல்லபுரத்தில் வன்னியர் சங்க மாநாடு. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியா வண்டிகள் போய்க்கொண்டிருந்தபோது மரக்காணத்தில் மோதல் வெடித்தது. மாநாட்டுக்குப் போனவர்களில் இரண்டு பேர் இறந்தார்கள். தலித் குடியிருப்பில் வீடுகள் எரிக்கப்பட்டன. 2023 மே 14 அன்று, மரக்காணத்தை ஒட்டிய எக்கியார்குப்பம் மீனவர் கிராமத்தில் முந்தைய நாள் சாராயம் குடித்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கியிருந்தார்கள்.

ஜோசியம் சொல்ல வரவில்லை. ஐபிஎல் நடக்கும் இரண்டு மாசத்தில் எந்தத் துயரம் நடந்தாலும் ஏதோ ஒரு ஆட்டத்தோடு மோதத்தான் செய்யும். எனக்கு இந்த ஜோடி உதவுவது வேறு காரணத்துக்காக. இந்த நான்கு சம்பவங்களில் இரண்டைப் பற்றி எந்தக் கட்சிக்காரரிடம் கேட்டாலும் ஒரே பதில் வரும். 67 ரன் என்றால் 67 ரன்தான். மற்ற இரண்டைப் பற்றி, யார் எந்தச் சேனல் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஏன்?

சொற்களில் இருந்து தொடங்கலாம்

2013 சம்பவத்துக்குப் பெரும்பாலான பத்திரிகைகள் வைத்த பெயர் 'மரக்காணம் கலவரம்'. கலவரம்ங்கிற சொல்லுக்கு எழுவாய் தேவையில்லை. மழை மாதிரி அது தானா 'வெடிக்கும்', 'பரவும்', 'ஓயும்'. யார் யாரை அடித்தார்கள், யார் வீடு எரிந்தது, யார் செத்தார்கள் என்ற கேள்விகளை அந்த ஒரு சொல் விழுங்கிவிடும். அதுக்கு நேர் எதிரே, ஒவ்வொரு தரப்பும் தன் ஊடகத்தில் 'தாக்குதல்' என்று எழுதிக்கொண்டது. தாக்குதலுக்கு எழுவாய் உண்டு. ஆனா அந்த எழுவாய் எப்பவும் அடுத்த தரப்புதான். ஆக, ஒரு பக்கம் யாருமே செய்யாத கலவரம், இன்னொரு பக்கம் எதிராளி மட்டுமே செய்த தாக்குதல். ரெண்டு பேர் சாவையும் எரிந்த வீடுகளையும் ஒரே பத்தியில் வைத்து எழுதினவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எந்தத் தரப்பு வாசகருக்கும் பிடிக்காது என்பதுதான் காரணம்.

2023இல் வந்த சொல் 'கள்ளச்சாராயம்'. கேட்டவுடனே கண்ணில் வருவது ஊறல் பானை, மலையடிவாரம், லாரி ட்யூப். ஆனா தடயவியல் சோதனைக்குப் பிறகு காவல்துறையே சொன்னது வேறு. அது காய்ச்சின சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். இந்த வித்தியாசம் சின்னது இல்லை. ஊறல் பானைக்குக் கணக்குக் கிடையாது. மெத்தனாலுக்கு உண்டு. மெத்தனாலைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1959லேயே தனி விதிகள் வந்துவிட்டன. எந்த ஆலை எவ்வளவு வாங்கியது, எவ்வளவு செலவழித்தது, பேரல் எங்கே போச்சு என்று கேட்க முடியும். 'கள்ளச்சாராயம்' என்று எழுதும்போது கேள்வி குடித்தவன் பக்கம் திரும்புகிறது. 'மெத்தனால்' என்று எழுதினால் பேரல் பக்கம் திரும்பும்.

நம்ம விவாத மேடைகள் போன திசை தெரிந்ததுதான். முதல்வர் ஸ்டாலின் இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் அறிவித்தார். அதுக்கப்புறம் வாரம் முழுக்க ஒரே கேள்வி, குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? ஆளுங்கட்சி ஆதரவுச் சேனலில் அது கருணை, எதிர்க்கட்சிச் சேனலில் அது வெட்கக்கேடு. இரண்டு பக்கமும் பேரலை மறந்தாச்சு. மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கமும் சேர்த்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த வருஷம், 2024 ஜூன், கள்ளக்குறிச்சி கருணாபுரம். மறுபடியும் மெத்தனால், இந்த முறை 60க்கும் மேல். ஊடகம் பேரலை விடாமல் துரத்தியிருந்தால் கருணாபுரம் நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனா 13 மாசத்தில் அந்தப் பேரலைப் பற்றி வாசகனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்கிறேன்.

இன்னொரு விஷயம். மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பையும் உயிரையும் வாங்குவது. அதுக்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு நாள்கூட ஆகலாம். சனிக்கிழமை குடித்தவர் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சாதாரணமா உட்கார்ந்திருக்கலாம். அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் டயாலிசிஸ், மாற்று மருந்து என்று வழி இருக்கிறது. கண் மங்கின பிறகு போனால் வழி சுருங்கிப்போகும். அப்படின்னா அந்த ஞாயிறு ராத்திரி திரையின் அடியில் ஓடவேண்டிய வரி ஒன்றே ஒன்றுதான். 'இந்தப் பகுதியில் நேற்று குடித்தவர்கள், உடம்பு நல்லா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.' நான் அன்றைக்குப் பார்த்த சேனல்களில் சாவு எண்ணிக்கை ஓடியது, கண்டன அறிக்கை ஓடியது, தோனி ஓடினார். அந்த வரி ஓடவில்லை.

ரசிகன் ஒளிப்பதில்லை

இந்த இடத்தில் விளையாட்டு ரசிகர்களைத் திட்டுவது சுலபம். ஊர் சாகுது, இவனுக்கு மேட்ச்சா? எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரசிகன் தன் சாய்வை நெஞ்சில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வருகிறான். மஞ்சள் ஜெர்சி போட்டவன் அம்பயரைத் திட்டினால் அதை எவ்வளவு நம்பணும்னு பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியும். அவன் என்ன கத்தினாலும் ஸ்கோர்கார்டு மாறாது.

ரசிகனும் புத்தன் இல்லை. சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 இரண்டு வருஷம் சிஎஸ்கே தடைபட்டது. 2018இல் திரும்பி வந்து கோப்பையும் வாங்கியது. அந்த இரண்டு வருஷத்தை நாங்கள் ஏதோ வனவாசம் மாதிரி பேசிக்கொண்டோமே தவிர, தண்டனையாகப் பேசவில்லை. அதே 2018 ஏப்ரல் 10, காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம் நடந்தபோது சேப்பாக்கத்துக்குள் செருப்பு விழுந்தது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. டெல்டாவின் தண்ணீர் பெருசா, சேப்பாக்கத்தின் ஆட்டம் பெருசா என்று நண்பர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொன்னவர்கள்தான், ஒரு கட்சித் தொண்டனைவிட விசுவாசமாக ஒரு சிமெண்ட் கம்பெனி தொடங்கிய அணிக்கு நின்றார்கள். நானும் அந்த அணிக்கு நிற்பவன்தான்.

கட்சித் தொலைக்காட்சிகளும் ஒரு வகையில் ஜெர்சி போட்டவைதான். சன் டிவி 1993, ஜெயா டிவி 1999, மக்கள் தொலைக்காட்சி 2006, கலைஞர் டிவி 2007, கேப்டன் டிவி 2010, நியூஸ் ஜெ 2018. எது யாருடையது என்று ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். 2013 ஏப்ரல் 25 அன்று சேப்பாக்கத்தில் எதிரே ஆடிய சன்ரைசர்ஸே சன் குழுமத்தின் அணிதான். செய்தி, சினிமா, கிரிக்கெட் எல்லாம் ஒரே வீட்டுச் சாப்பாடு. இது மட்டுமே நோய் என்றால் மருந்து சுலபம். இரண்டு சேனல் மாற்றிப் பார்த்தால் போதும்.

ஆனா போதாது.

தூரத்தின் சாய்வு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது என் மகன் பிறந்து இரண்டு வாரம் ஆகவில்லை. புயலுக்கு முந்தின வாரம் ஜெட்டாவில் ஐபிஎல் ஏலம். ரிஷப் பந்த்துக்கு 27 கோடி, அஸ்வின் மறுபடியும் சிஎஸ்கேவுக்கு. ஒவ்வொரு வீரரின் விலையும் நொடிக்கு நொடி எனக்குத் தெரிந்தது. நவம்பர் 30 ராத்திரி கிளியனூரில் கரண்ட் போச்சு. போனில் சார்ஜ் குறைவு. எனக்குத் தேவைப்பட்டது ஒரே தகவல். குழந்தைக்கு ஏதாவது ஒண்ணுன்னா திண்டிவனம் பக்கம் போகலாமா, புதுச்சேரி பக்கம் போகலாமா, எந்தப் பக்கம் ரோடு திறந்திருக்கு?

நேரலை போட்டால் மெரினா. இன்னொன்றில் சென்னை விமான நிலையம். மூணாவதில் ரெயின்கோட் போட்ட நிருபர் பட்டினப்பாக்கத்து அலைக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். புயல் கரை கடந்தது புதுச்சேரி அருகே. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. மரக்காணத்து உப்புப் பாத்திகள் தண்ணிக்குள் போயின. சென்னை தப்பியது என்று ஒரு தலைப்பு வந்தது. தலைப்பு பொய் இல்லை. ஆனா புயல் என்றால் சென்னைக்கு நேர்வது என்று வைத்துக்கொண்டால்தான் அப்படித் தலைப்பு வைக்கத் தோணும்.

இதில் கட்சியே இல்லை பாருங்க. ஆளுங்கட்சிச் சேனல், எதிர்க்கட்சிச் சேனல், நடுநிலை என்று சொல்லிக்கொள்ளும் சேனல், எல்லாம் ஒரே கடற்கரையில்தான் நின்றன. கேமராவும் வேனும் விளம்பரதாரரும் இருக்கிற இடத்தில் செய்தி இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் எப்போது தலைப்புக்கு வந்தது? டிசம்பர் 3ஆம் தேதி, இருவேல்பட்டில் அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டபோது. வெள்ளம் செய்தியாகவில்லை, சேறு செய்தியானது. ஏன்னா சேற்றுக்குக் கட்சி உண்டு.

கட்சிச் சாய்வைப் பற்றி நாம் வருஷக்கணக்காகப் பேசுகிறோம். இந்தத் தூரச் சாய்வைப் பற்றிப் பேசுவதில்லை. எங்களை மாதிரி ஊர்க்காரர்களுக்கு முதலாவது எரிச்சல், இரண்டாவது ஆபத்து. எக்கியார்குப்பத்துக்குப் போகாத அந்த ஒரு வரியும், கிளியனூருக்கு வராத ரோடு நிலவரமும் ஒரே இடத்தில்தான் காணாமல் போயின.

ஜெர்சியும் அப்பாவின் விதியும்

குழந்தைக்கு நாலு மாசம் ஆனபோது மச்சான் ஒரு குட்டி மஞ்சள் ஜெர்சி வாங்கிவந்தான். முதுகில் 7. மாமனார் சிரித்துக்கொண்டே, "ஜெர்சி போட்டாச்சு, அடுத்து கட்சித் துண்டா?" என்றார். தலைவரிடம் கொண்டுபோய்ப் பேர் வைத்துக்கொண்ட தலைமுறை அவருடையது. அவர் தம்பிக்கு ஒரு தலைவர் மேடையில் வைத்த பேர்தான் இன்னமும் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்வி முழுக்க வேடிக்கை இல்லை.

ஜெர்சியை நான் மறுக்கவில்லை. 2025இல் சிஎஸ்கே பத்தாவது இடத்தில், கடைசியில் முடித்தது. 2008க்குப் பிறகு முதல்முறையாகச் சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் தோற்றது. தோற்கிற அணியின் சட்டையைப் போட்டு வளர்வது நல்ல பாடம். "நாமதான் ஜெயிச்சோம்" என்று அவனிடம் என்னால் சொல்ல முடியாது. அட்டவணை சுவரில் இருக்கிறது.

அரசியல் செய்திக்கு அப்படி அட்டவணை இல்லாததால், என் அப்பாவின் விதி ஒன்றைக் கடன் வாங்கிக்கொள்கிறேன். எங்க ஊர் டீக்கடையில் இரண்டு பேப்பர் வரும், ஆளுக்கொரு கட்சி. அப்பா இரண்டையும் படிப்பார். "இவன் பேப்பர்ல இவனுக்குப் பாதகமா ஒரு வரி வந்திருந்தா அதை நம்பு. மிச்சத்தை அடுத்த பேப்பர்ல தேடு" என்பார். நீதிமன்றமும் கிட்டத்தட்ட இதே விதியில்தான் நடக்கிறது. தனக்கே எதிராக ஒருவர் சொல்வதற்கு எடை அதிகம். கட்சிச் சாய்வுக்கு இதைவிட நல்ல சல்லடை நான் பார்த்ததில்லை.

தூரச் சாய்வுக்கு இந்தச் சல்லடை உதவாது. வராத செய்தியை எந்தப் பேப்பரில் தேடுவது? அதுக்குச் செய்தி ஊரில் இருந்து மேலே போகணும். உப்பளத்தில் வேலை செய்கிறவர், குப்பத்தில் வலை பின்னுகிறவர், ஆரம்பச் சுகாதார நிலையத்துச் செவிலியர் சொல்வது ராத்திரியோடு ராத்திரியா திரைக்குப் போய்ச் சேரணும். 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைக்கு 48,390 கோடி கொடுத்தார்கள். ஒவ்வொரு பந்தையும் பல கோணங்களில் காட்டுகிறார்கள். திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் நிரந்தரமா ஒரு நிருபர், ஒரு கேமரா. அதுக்கு ஆகும் செலவு ஒரு ஓவருக்கு நடுவில் ஓடும் விளம்பரத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஜெர்சி இப்பவே தோளில் இறுக்குது. அடுத்த ஐபிஎல்லுக்குப் பெரிய சைஸ் வாங்கணும். நவம்பருக்குள் ஒரு பேட்டரி ரேடியோவும் வாங்கி வைக்கப்போகிறேன்.