டோல் பணம் பேருந்துக்கு வருவதில்லை

பெருநாள் வந்தால் டோல் தள்ளுபடி என்பது மலேசியாவில் வழக்கமாகிவிட்டது. சில ஆண்டுகள் முழு விலக்கு கிடைத்தது. 2025-இல் அது 50 விழுக்காடாகக் குறைந்தது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பு வந்த கையோடு நன்றியும் பாராட்டும் குவிகின்றன. மக்கள் சுமையை அரசு இறக்கி வைக்கிறதாம். எந்த மக்களின் சுமை? தள்ளுபடி காருக்கு. அதனால் நெடுஞ்சாலை நிறுவனங்களுக்கு ஏற்படும் இழப்பை அரசு கருவூலத்திலிருந்து ஈடுகட்டுகிறது. தீபாவளிக்கு ஊர் போக டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருப்பவர் கட்டும் வரியும் அந்தக் கருவூலத்தில்தான் சேர்கிறது. அவருடைய டிக்கெட்டுக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது.

டோல் முறையே தவறு என்று நான் வாதாடவில்லை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை இந்த நாட்டைச் சுருக்கித் தந்தது உண்மை. டோல் சாலைகள் பொதுவாக நல்ல பராமரிப்பில் இருக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் வாங்காதது நல்ல முடிவு. சாலையில் ஓடுபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் நேர்மையானதுதான்.

என் மறுப்பு வேறு, அது பழையது. தலைநகரைச் சுற்றிப் போடப்பட்ட டோல் ஒப்பந்தங்கள் அரசையே கார் பெருக்கத்தின் பங்காளியாக்கிவிட்டன.

எல்டிபி என்று எல்லோரும் சொல்லும் டாமன்சாரா-பூச்சோங் நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்வோம். 1999-இல் திறந்தபோது டோல் ஒரு வெள்ளி. 2007-இல் அது 1.60 ஆனது, 2015-இல் 2.10. இந்த உயர்வுகள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டவை. உயர்த்த அரசு மறுத்தால், மறுத்த தொகையை நிறுவனத்துக்கு இழப்பீடாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த ஒப்பந்தத்தை 2007-இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் வெளியிட்டபோது, அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்கீழ் அவர்களை விசாரித்தார்கள். மக்கள் பணம் போகும் ஒப்பந்தத்தை மக்கள் படிக்கக்கூடாது என்பதுதான் அன்றைய நிலை.

‘டோல் உயராது’ என்ற அறிவிப்பு கேட்க இனிக்கிறது. ஆனால் அதன் பின்னால் ஒரு காசோலை போகிறது. கார் ஓட்டுவதை மலிவாக வைத்திருக்க, கார் இல்லாதவரும் சேர்ந்து பணம் கட்டுகிறார். ஓடுபவரே கட்ட வேண்டும் என்ற கொள்கை அந்த இடத்திலேயே செத்துவிடுகிறது. சாலையையும் டோலையும் பார்ப்பது பொதுப்பணி அமைச்சு; பேருந்தும் ரயிலும் போக்குவரத்து அமைச்சின் பொறுப்பு. ஒரு மேசையில் கொடுக்கப்படும் இழப்பீட்டால் இன்னொரு மேசையில் எந்தப் பேருந்து வராமல் போனது என்று கணக்குப் பார்ப்பவர் எவருமில்லை.

பூச்சோங்கில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கோலாலம்பூரின் இளஞ்சிவப்பு மினி பஸ்கள் 1998-இல் நிறுத்தப்பட்டன. நெரிசலும் முரட்டு ஓட்டமும் அவற்றின் குறைகள். ஆனாலும் 60 காசுக்கு அடிக்கடி வந்தன. மறு ஆண்டு எல்டிபி திறந்தது. நெடுஞ்சாலையை நம்பி தாமான்கள் பெருகின. வீடு வாங்கியவர்கள் கூடவே காரும் வாங்கினார்கள், ஒன்பது ஆண்டுக் கடனில். அங்கே எல்ஆர்டி ரயில் வந்தது 2016-இல். பதினேழு ஆண்டுகள்! அதற்குள் ஒரு தலைமுறை கார் சாவியோடு வளர்ந்துவிட்டது.

டோலை உயர்த்தினால் மக்கள் ரயிலுக்கு மாறிவிடுவார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் சிலர் எழுதுகிறார்கள். பூச்சோங்கிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வேலைக்குப் போகும் ஒருவர் போக ஒரு சாவடி, வர ஒரு சாவடி தாண்டினால், மாதம் 22 வேலை நாளுக்கு டோல் மட்டும் 92 வெள்ளி 40 காசு. பெட்ரோலும் கார் தவணையும் தனி. ரேப்பிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் மாதம் முழுக்கப் போய்வர மை50 அட்டை 50 வெள்ளி. டோலிலேயே ரயில் செலவைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு கட்டிக்கொண்டிருப்பவர் ஏன் ரயிலேறவில்லை? அவருக்குக் கணக்குத் தெரியாமலா?

ஒரு நாள் எல்ஆர்டி நிலையத்திலிருந்து தாமானுக்குள் நடந்து பாருங்கள். நடைபாதை பாதியில் முடிந்து கால்வாய் தொடங்கும். மூடி உடைந்த இடத்தில் பலகை கிடக்கும். மழை பிடித்தால் ஒதுங்கக் கூரையில்லை. இணைப்புப் பேருந்து ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அங்கே நிற்பவருக்கே தெரியாது. முழங்கால் வலியோடு யூனிவர்சிட்டி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பாட்டி, மகன் லீவு எடுத்துக் காரை எடுக்கும் நாளுக்காகக் காத்திருக்கிறார். டோலை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்தப் பாட்டிக்கு ஒன்றும் மாறாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வரும் ஒரு சிறிய பேருந்து மாற்றும்.

2022-இல் எல்டிபி, கெசாஸ், ஸ்பிரிண்ட், ஸ்மார்ட் ஆகிய நான்கு நெடுஞ்சாலைகளையும் அமானாட் லெபுராயா ராக்யாட் நிறுவனம் வாங்கியது. டோல் இனி ஏறாது, அவற்றை வாங்கப் பெற்ற கடன் அடைந்ததும் வசூல் முடியும் என்றார்கள். பழைய ஒப்பந்தத்தைவிட இது மேல்தான். ஆனால் கடன் எப்படி அடையும்? கார்கள் ஓடினால்தான். கார் கூடக் கூட விடுதலை நாள் நெருங்கும். நல்ல சீர்திருத்தமும் அதே பழைய பிடிக்குள் போய் விழுந்திருக்கிறது. கடன் தீர்ந்து டோல் நின்றபின், இலவசமான அந்தச் சாலை காலை எட்டு மணிக்கு எப்படி இருக்கும்? டோலை ஒழிப்போம் என்று 2018 தேர்தலில் வாக்குறுதி தந்தவர்களும் இதைச் சொல்லவில்லை.

லண்டன் 2003-இல் நகர மையத்துக்குள் வரும் கார்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கியபோது, வருமானம் போக்குவரத்துக்கே செலவாக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. சிங்கப்பூரின் மின்னியல் சாலைக் கட்டணம் நெரிசல் நேரத்தில் கூடும். எல்டிபியிலோ விடியற்காலை மூன்று மணிக்கும் அதே 2.10, காலை எட்டு மணிக்கும் அதே 2.10.

கடன் தீரும் நாளில் எல்டிபி சாவடிகளை எடுக்கக்கூடாது. உச்ச நேரத்துக்கு ஒரு கட்டணமும் மற்ற நேரத்துக்கு அதைவிடக் குறைவான கட்டணமும் வைத்து, அந்தப் பணம் அந்தச் சாலையோரத் தாமான்களின் பேருந்துகளுக்கே போக வேண்டும் என்று நாடாளுமன்றம் இப்போதே சட்டம் எழுத வேண்டும். இத்தனை வருடம் கட்டினோமே, இன்னுமா என்று பூச்சோங்வாசிகள் கோபப்படுவார்கள். கோபம் நியாயம்தான். இத்தனை வருடம் அவர்கள் கட்டியதில் ஒரு பேருந்தாவது அவர்கள் வாசலுக்கு வந்ததா என்று அவர்கள் கேட்க வேண்டியதும் அதே கோபத்தோடுதான்.