ஐயரின் தோளும் ஐந்தரை மாதமும்

2021 மார்ச் 23, புனே. இங்கிலாந்துக்கு எதிரான முதல் ஒருநாள் போட்டி. ஷர்துல் தாக்கூர் பந்தை ஜானி பேர்ஸ்டோ அடிக்க, அதைத் தடுக்கப் பாய்ந்த ஷ்ரேயாஸ் ஐயர் இடது தோளைப் பிடித்தபடி வெளியேறினார். மூட்டு நழுவியிருந்தது. ஒரு ஷாட்டைத் தடுக்கப் போய், அணித்தலைமையே கைவிட்டுப் போனது: ஐபிஎல்லில் டெல்லி கேபிடல்ஸ் ரிஷப் பந்த்தைக் கேப்டனாக்கியது.

ஏப்ரல் 8 அன்று அறுவை சிகிச்சை.

உடம்பில் தோளைப் போல எல்லாத் திசையிலும் சுழலும் மூட்டு வேறில்லை. அதற்கான விலைதான் இந்த நழுவல். மேல்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் தோள்குழியில் உட்கார்ந்திருக்கிறது. குழியின் விளிம்பைச் சுற்றி ‘லேப்ரம்’ என்ற குருத்தெலும்பு வளையம் உண்டு. தோள் முன்பக்கமாக நழுவும்போது பெரும்பாலும் இந்த வளையத்தின் முன்-கீழ்ப் பகுதி எலும்பிலிருந்து பிய்ந்துவிடும். 1923-இல் இதை விவரித்த லண்டன் அறுவை மருத்துவர் பேங்கார்ட்டின் பெயரே காயத்துக்கு நிலைத்துவிட்டது. இன்று சிறுதுளை வழியே கேமராவை நுழைத்து, எலும்பு விளிம்பில் ‘ஆங்கர்’களைப் பதித்து, நூலால் வளையத்தைப் பழைய இடத்தில் கட்டுகிறார்கள். குழியின் எலும்பே அதிகம் தேய்ந்திருந்தால் இது போதாது. பக்கத்து எலும்பு முனையை வெட்டி அங்கே திருகும் லாட்டர்ஜே முறை தேவைப்படும்.

கட்டிய திசு எலும்போடு ஒட்டும் வேகத்தை யாராலும் விரட்ட முடியாது. முதல் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கை ஸ்லிங்கில் கிடக்கும். பிறகு பிசியோவின் உதவியோடு அசைவு, அப்புறம் சொந்த பலத்தில், மூன்று மாதத்தை ஒட்டி எடைப் பயிற்சி. பாய்வதற்கும் முழு வேகத்தில் எறிவதற்கும் ஏறக்குறைய ஆறு மாதம். இடையில் வலி அடங்கும் கட்டம்தான் மிகவும் ஆபத்தானது. குணமாகிவிட்டதென்று வீரர் நம்புவார். உள்ளே கட்டிய இடம் இன்னும் பக்குவப்பட்டிருக்காது. இளம் வீரர்களின் தோள் மீண்டும் நழுவும் வாய்ப்பு அதிகம் என்பதால், இங்கே அவசரப்படுத்தும் அணி தன் வீரருக்கே தீங்கு செய்கிறது.

எந்தக் கை என்பதும் முக்கியம். ஐயர் பந்தை எறிவது வலது கையால், அது தப்பியது. ஆனால் வலக்கை மட்டையாளருக்கு மட்டையின் மேல்பிடி இடது கையில்தான். விக்கெட் கீப்பருக்கோ இரண்டு தோளும் பாய்ந்தாக வேண்டும். 2018-இல் லேப்ரம் அறுவை சிகிச்சை செய்துகொண்ட விருத்திமான் சாஹா, 2019 அக்டோபரில்தான் மறுபடி டெஸ்ட் ஆடினார். அந்த இடைவெளியில் பந்த் டெஸ்ட் அணிக்குள் வந்துவிட்டார்.

ஐயருக்குக் காலம் கொஞ்சம் இரங்கியது. கொரோனாவால் மே மாதம் நின்ற ஐபிஎல், செப்டம்பரில் எமிரேட்ஸில் தொடர்ந்தது. 22-ஆம் தேதி துபாயில் ஹைதராபாத்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 47. நவம்பரில் கான்பூரில், தன் முதல் டெஸ்ட்டிலேயே நியூசிலாந்துக்கு எதிராக 105, 65. டெல்லியின் கேப்டன் பதவி மட்டும் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு ஏலத்தில் 12.25 கோடி ரூபாய்க்கு எடுத்த கொல்கத்தாதான் அவரை மறுபடி கேப்டனாக்கியது.