மூலையில் நின்று பாருங்கள்

சம்மாந்துறையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வான் பிடித்து, இராமுழுதும் பிரயாணஞ்செய்து காலிக் கோட்டையைக் கண்டு களித்துவருகின்ற நம்மவர்கள், அருகிலிருக்கும் மட்டக்களப்புக் கோட்டையை, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும்வரை கச்சேரி அலுவலுக்காக நம் மூத்தோர் நுழைந்து திரும்பிய அந்த ஸ்தலத்தை, ஏறிட்டும் பாராதிருப்பது எனக்குப் பெருத்த விசனத்தைத் தருகின்றது.

பூர்வாங்கச் சரித்திரம் சுருக்கமானது. புளியந்தீவில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டினர். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூடிய ஒல்லாந்தர் 1638 மே 18இல் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இருபுறம் வாவி, இருபுறம் அகழி, நாற்கோண மதில், நான்கு கொத்தளங்கள். இவ்வளவு போதும்.

மதிலைப் பார்ப்பது வேறு, கொத்தளத்தைப் பார்ப்பது வேறு என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். பீரங்கி பெருகுமுன் உயரமே மதிலுக்குப் பலம். பெருகியபின் உயர்ந்த மதில் எளிய இலக்காய்விட, அது தாழ்ந்து தடித்தது. ஆயினும் நேர்மதிலின்மேல் நிற்கும் காவலனுக்கு, அடியில் ஒட்டிநிற்கும் பகைவன் தென்படான். எட்டிப் பார்த்தாலோ தலை தப்பாது. இக்குறையைத் தீர்க்கவே மூலைகளைக் கூராக வெளியே நீட்டி, ஒரு கொத்தளத்திலிருந்து பக்கத்து மதிலின் அடிநெடுகச் சுடும் உபாயத்தை இத்தாலியச் சிற்பிகள் வகுத்தனர். அதையே ஐரோப்பியர் கடல்கடந்து கொணர்ந்தனர். ஒவ்வொரு கொத்தளமும் அயற்கொத்தளத்தின் அடியைக் காக்கிறது. ஒன்று வீழ்ந்தால் இரு மதில்கள் ஒருபக்கத்து ஆதரவை இழக்கும். இந்தப் பரஸ்பர பந்தத்தை உணராதவர் கோட்டையைக் கண்டவராகார். வெறும் கல்லைக் கண்டவரே.

ஆகவே வாயிலில் நேரத்தைப் போக்காதீர்கள். அஸர் தொழுகைக்குப்பின், வெயில் சரிந்து மதிலின் கோணங்கள் நிழலால் துலங்கும் வேளையில், ஒரு மூலைக்குச் சென்று, மதிலோடு கன்னத்தை ஒட்டியதுபோல் நின்று, அடுத்த மூலைவரை பார்வையை ஓட்டுங்கள். பின்பு நான்கு மூலைகளையும் சுற்றி வாருங்கள்.

பீரங்கியின்மேல் ஏறியிருந்து படமெடுப்பது ரசனையன்று. ஆண்டுகளை ஒப்புவிக்கும் வழிகாட்டியும், கோப்பிக்கடைகளின் எண்ணிக்கையால் புராதனத்தை அளக்கும் பிரயாண எழுத்தாளரும் உங்களுக்கு எதையும் காட்டப்போவதில்லை.

இன்னுமொன்றை உங்களிடம் அந்தரங்கமாகவே சொல்லுகிறேன். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் 4000 பேரைக் கண்டியரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புக் கரையில் குடியேற்றினான் என்பர் சரித்திரகாரர். இரண்டே வருஷத்தில், கண்டியைக் கடலினின்று துண்டிப்பதற்காக, அதே போர்த்துக்கேயர் இங்கும் வந்து கோட்டை எழுப்பினர். அக்கொத்தளங்கள் யாரை அஞ்சி எழுந்தனவோ, அவர்களுள் நம் மூதாதையரும் இருந்திருக்க வேண்டும். ஆதலால், வாப்பாமாரே, உம்மாமாரே, பிள்ளைகளை அம்மூலையில் நிறுத்தி, அந்தக் கோணத்தைக் கணிதமாகவும் சரித்திரமாகவும் ஒருங்கே சொல்லிக்கொடுங்கள். அதற்கு உங்களைவிடத் தகுந்த ஆசிரியர் இல்லை.