பழைய கெர்னலுக்கு வேஷம் கட்டுதல்

வயர்கார்ட் விபிஎன் 2020 மார்ச்சில், 5.6 பதிப்போடு, லினக்ஸ் கெர்னலுக்குள் குடிபுகுந்தது. அதுவரை பல ஆண்டுகள் திண்ணையில்தான் வாசம். திண்ணையில் கிடக்கும் மாட்யூலுக்கு ஓர் அவஸ்தை உண்டு: வீட்டுக்குள் சுவரை இடித்தால் யாரும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். வெளியே ஓடும் நிரல்களுக்குக் கொடுத்த வாக்கை லினக்ஸ் காப்பாற்றும். உள்ளே இருக்கும் ஃபங்ஷன்கள் மாறாமல் நிற்க வேண்டும் என்று கேட்பதோ அபத்தம். அப்படிச் சொல்லி கெர்னல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் எழுதிய ஆவணம் கெர்னலோடேயே வருகிறது.

வயர்கார்டை எழுதிய ஜேசன் டோனன்ஃபெல்ட், அது 3.10 முதல் 5.5 வரை எல்லாவற்றிலும் ஓடுவதற்காக காம்பேட்.எச் என்று ஒரு கோப்பு வைத்திருந்தார். நான் அதை அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். (சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள்.) மூல நிரலைப் பார்த்தால் புதிய கெர்னலுக்கு மட்டுமே எழுதியது போலிருக்கும். பழைய கெர்னல்தான் புதியது போல வேஷம் கட்டிக்கொண்டு மேடைக்கு வரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஃபங்ஷனுக்குள் ஐந்து வரிக்கொரு இஃப்டெஃப். படித்தால் விக்கல்காரர் கதை சொல்வது போலிருக்கிறது.

டைமரையே எடுத்துக்கொள்வோம். பழைய வழி செட்டப்_டைமர்; நேரம் வந்ததும் நம் ஃபங்ஷனுக்கு ஓர் அன்சைன்ட் லாங் எண் வந்து சேரும். 4.15-இல் அது போய், டைமர்_செட்டப் மட்டும் நின்றது. இப்போது வந்து சேர்வது டைமரின் முகவரி. வேஷத்துக்கு நாலு வரி போதும். புதிய பெயரில் ஒரு மேக்ரோ, உள்ளே பழைய செட்டப்_டைமர், கொடுக்க வேண்டிய எண்ணின் இடத்தில் அந்த டைமரின் முகவரியே. லினக்ஸில் பாயின்டரும் அன்சைன்ட் லாங்கும் ஒரே அளவு என்பதால், எண்ணாக ஏறியது முகவரியாக இறங்கும். இடைப்பட்ட 4.14-இல் கெர்னல்காரர்களே இந்த வித்தையைத்தான் கையாண்டார்கள் என்று பிறகு பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்.

பதிப்பு எண்ணை மட்டும் நம்பினால் கவிழ வேண்டியதுதான். ரெட் ஹேட்டின் ஆர்எச்இஎல் 8-இன் கெர்னல் தன்னை 4.18 என்றே சொல்லிக்கொள்ளும்; உள்ளே பிந்தைய பதிப்புகளின் சரக்கு எவ்வளவோ. அதனால் இன்னொரு திண்ணைவாசியான கோப்பு முறைமை ஓபன்இசட்எஃப்எஸ் பெரும்பாலும் எண்ணைக் கேட்பதில்லை. கான்ஃபிகர் ஓடும்போது துண்டு துண்டாக சி நிரல்களைக் கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆனால் அந்த வசதி இருக்கிறது என்று பொருள். சோற்றில் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கும் வேலை. நேரம் பிடிக்கும், ஆனால் இதுதான் நம்பத் தகுந்தது என்பேன். ஒரு கள்ளத்தனம் மட்டும் உண்டு: சோதனை நிரலில் ஒரு ஹெடர் விட்டுப்போனாலும் கம்பைல் தோற்கும், வசதி இல்லை என்று கான்ஃபிகர் சத்தமில்லாமல் எழுதிவைத்துவிட்டுப் போய்விடும். நான் பராமரித்த டிரைவர் ஒன்றில் அப்படி இரண்டு நாள் தொலைந்தது. பிழைச் செய்தியே வராத பிழை!

ஆர்எச்இஎல் 7-இன் பராமரிப்புக் காலம் 2024 ஜூனில் முடிந்ததும் அதே டிரைவரில் அதன் கெர்னலான 3.10-க்கு விடை கொடுத்தோம். எங்கள் காம்பேட்.எச்-இல் நூற்றுச் சொச்சம் வரிகளை அழித்தேன். டிரைவரின் சொந்தக் கோப்புகளில் ஒரு வரிகூட அசையவில்லை. கிட் டிஃப் முழுக்கச் சிவப்பு, பச்சையே இல்லை.